கோட்டருகே நிற்கும் படகு: ராமநாதபுரம் கடலுக்குப் புதிதாக வரும் காவலருக்கு

மண்டபம், தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் என்று எந்தக் கடலோரக் காவல் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தாலும், புதியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஐயா, வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது எப்படி?" ஜப்பான், மால்டா, சிங்கப்பூர் என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. அதற்கான வழியையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஆனால் இந்தக் கரையில் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. நீங்கள் தேடும் வெளிநாடு உங்கள் படகுத்துறைக்கு எதிரிலேயே இருக்கிறது. அந்தக் கரையில் நம்மைப் போலவே சீருடை அணிந்து ரோந்து போகிற ஒருவருடன் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டால்தான் மற்ற பயிற்சிகளுக்குப் பொருள் உண்டு.

தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் இந்தியக் கடலோரக் காவல்படையிலும் புதிதாகச் சேர்ந்தவர்களையும், சேர நினைக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வரிசைப்படி செய்யுங்கள். முதல் மூன்றைச் செய்யாமல் ஆறாவதற்குத் தாவ வேண்டாம்.

முதல் படி: எல்லைக் கோட்டைப் படியுங்கள்

பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையில் ஒரு படம் வரைவார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல், 24 வரை அடுத்துள்ள மண்டலம், 200 வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதற்கும் அப்பால் எல்லா நாடுகளுக்கும் பொதுவான பெருங்கடல். 1982-இல் உருவாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை தரும் படம் இது. இந்தியா 1995-இல் அதில் முறைப்படி இணைந்தது.

பாம்பன் பாலத்தில் நின்று வடகடலான பாக் விரிகுடாவைப் பாருங்கள். அந்தப் படத்தில் பாதி இங்கே பொருந்தாது. இரு கரையிலிருந்தும் பன்னிரண்டு பன்னிரண்டு மைல் அளந்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அளவுக்குக் கடல் குறுகலான இடங்கள் இங்கே உண்டு. அதனால் 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஆதம் பாலம் (ராமர் பாலம்) முதல் பாக் நீரிணை வரையிலான பரப்பை வரலாற்று நீர்ப்பரப்பு என்று கொண்டு, நடுவே ஒரு கோட்டை வகுத்தது. தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் 1976 மார்ச்சில் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. கச்சத்தீவு அந்த முதல் கோட்டுக்கு அப்பால் போனது. அந்த மனவருத்தம் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு உண்டு, என் வீட்டிலும் உண்டு. ஆனால் சுக்கான் பிடிக்கும்போது வரைபடத்தில் உள்ள கோடுதான் கணக்கு.

இதனால் விளைவது என்ன? வடகடலில் நம் நீர் முடிகிற இடத்தில் அவர்கள் நீர் தொடங்குகிறது. இடையில் பொதுக் கடல் என்று ஒரு பட்டை கிடையாது. கடல் சட்ட உடன்படிக்கையின் 110-ஆம் பிரிவு, சந்தேகத்துக்குரிய கப்பலில் ஏறிச் சோதிக்கும் உரிமையைப் பெருங்கடலுக்காக எழுதியது. 111-ஆம் பிரிவு தரும் துரத்திச் செல்லும் உரிமையோ, தப்பும் படகு இன்னொரு நாட்டின் ஆட்சிக் கடலுக்குள் நுழைந்த நொடியில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சோமாலியக் கடற்கொள்ளையை முன்வைத்து உருவான பல பன்னாட்டுப் பாடங்கள் பெருங்கடலை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தவறு நேரும்.

ஒரு மார்கழி விடியற்காலை நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடிக்குத் தெற்கே இரண்டு அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய ஃபைபர் படகு ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தோம். வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. அந்தப் படகின் நடுவில் அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகளை எண்ண முடிகிற தூரம். திரையில் கோடு நெருங்கியதும் எங்கள் படகோட்டி இன்ஜினை நியூட்ரலில் போட்டார். படகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்றது. "இன்னும் இருநூறு மீட்டர்தான் ஐயா" என்று இளம் காவலர் ஒருவர் கத்தியே விட்டார். அவர் கண்ணில் நீர். நான் ஒலிவாங்கியை எடுத்துப் படகின் நிறம், நீளம், இன்ஜின் எண்ணிக்கை, ஆட்கள் நான்கு, மூட்டைகள் ஏழு, போகும் திசை, வேகம், நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மண்டபத்தில் கடலோரக் காவல்படை அதைப் பெற்று மேலே அனுப்பியது. அன்று மதியம் அக்கரையில் அந்தப் படகு பிடிபட்டதாகத் தகவல் வந்தது. மூட்டைகள் ஏழு.

நம் படகு தாண்ட முடியாத கோட்டை நம் தகவல் தாண்டும். அக்கரையில் இருப்பவர் சந்தேகமில்லாமல் நம்பக்கூடிய தகவலை எடுத்து, எழுதி, சொல்லக் கற்பதைத்தான் கடல் காவலில் சர்வதேச ஒத்துழைப்பு என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். இனி வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

இரண்டாம் படி: எதிரில் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கம் உங்களுக்கு விரைவில் பழகிவிடும். கரையோரத்தில் 1994-இல் தொடங்கப்பட்ட கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அதற்கு வெளியே 1978 சட்டத்தின்படி இயங்கும் இந்தியக் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை விமானதளம், சுங்கத்துறை, மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்காக வனத்துறை, படகுகள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தரும் மீன்வளத்துறை. அக்கரையில் நடைமுறையில் எல்லைக் கடலைப் பார்த்துக்கொள்வது இலங்கைக் கடற்படை. அதோடு 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடலோரப் பாதுகாப்புத் திணைக்களமும், கடற்றொழில் திணைக்களமும், பொலிஸாரும் உண்டு.

நிலையத்தில் உள்ள நீங்கள் நேராக அக்கரைக்கு அழைக்கக் கூடாது. தகவல் போக வேண்டிய ஏணி எது, அதன் ஒவ்வொரு படியிலும் இரவுப் பணியில் யார் இருப்பார்கள் என்பதை முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பொதுமக்கள் அழைக்கும் எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கடலோரக் காவல் நிலையத்துக்கு 1093, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.

மூன்றாம் படி: எழுதப் பழகுங்கள்

இந்தப் படியில் நான் அதிக நேரம் நிற்பேன். காரணம், என் பணியின் முதல் ஆண்டில் நான் செய்த தவறு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

குருசடைத் தீவுக்குத் தெற்கே, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை மூட்டைகளுடன் ஒரு வல்லத்தைப் பிடித்தோம். ஜி.பி.எஸ். கருவியில் அட்சரேகை 9° 12.50′ என்று இருந்தது. பறிமுதல் விவரங்களைப் பதியும் மகஜரை எழுதும்போது நான் அதை 9 பாகை, 12 நிமிடம், 50 விநாடி என்று எழுதினேன். புள்ளிக்குப் பின்னால் இருந்த ஐம்பது, நிமிடத்தில் பாதி. அதாவது முப்பது விநாடி. நான் இருபது விநாடி கூட்டி எழுதிவிட்டேன். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். இருபது விநாடிக்கு அறுநூறு மீட்டருக்கும் மேல். மகஜரில் ஓரிடம், கருவியின் பதிவில் அதற்கு அறுநூறு மீட்டர் தெற்கே இன்னோரிடம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, "எந்த இடத்தில் பிடித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த அறுநூறு மீட்டர் எல்லைக் கோட்டருகே நேர்ந்திருந்தால் எந்த நாட்டின் நீர் என்பதே மாறிப்போயிருக்கும். ஆகவே இதைப் பழக்கமாக்குங்கள். உங்கள் கருவி, உங்கள் வரைபடம், உங்கள் பதிவேடு மூன்றிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். பாகையும் தசம நிமிடமும் என்றால் எல்லாவற்றிலும் அதுவே. எண்ணை எழுதும் முன் திரையைப் படம் எடுங்கள். எழுதியதை இன்னொருவர் திரையைப் பார்த்து உரக்க வாசிக்கட்டும். நேரத்தில் நமக்கு ஒரு வசதி: இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனாலும் கப்பல்களும் மூன்றாம் நாடுகளும் உலகப் பொது நேரத்தில் பேசுகின்றன. அதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் கிடைக்கும். நள்ளிரவை ஒட்டிக் கழிக்கும்போது தேதியும் முந்தைய நாளுக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆடுகிற படகில், உப்பு நீர் தெறிக்கும்போது, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பதிவு செய்வது? பயிற்சி இல்லாமல் வராது. துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகிலேயே வாரம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒருவர் ஏறுபவர், ஒருவர் பதிவு செய்பவர், ஒருவர் எழுதுபவர். பதிவு செய்பவர் வேறு எதையும் தொடக் கூடாது.

எழுத்துக்கும் சட்டத்துக்கும் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று நினைப்பவர்களுக்கு 'அலோண்ட்ரா ரெயின்போ' கதையைச் சொல்வேன். 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியக் கட்டிகளுடன் புறப்பட்ட ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமான கப்பல் அது. கொள்ளையர்கள் கைப்பற்றி, மாலுமிகளை மிதவையில் இறக்கிவிட்டு, பெயரை மாற்றி எழுதி ஓட்டிக்கொண்டு போனார்கள். கோலாலம்பூரில் உள்ள கடற்கொள்ளைத் தகவல் மையத்தின் எச்சரிக்கையைத் தொடர்ந்து, நவம்பரில் நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக் கடலில் அதை மடக்கின. உலகமே பாராட்டிய வேலை. மும்பை அமர்வு நீதிமன்றம் 2003-இல் தண்டித்தது. 2005-இல் உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் விடுதலை ஆனார்கள். கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அப்போது நம்மிடம் இல்லை. அந்தக் குறை 2022-இல் வந்த கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தால்தான் தீர்ந்தது. ஆனால் அந்தக் கப்பலால் ஒரு நன்மையும் விளைந்தது. 2000 முதல் இந்திய, ஜப்பானியக் கடலோரக் காவல்படைகள் கூட்டுப் பயிற்சி நடத்தத் தொடங்கின.

நான்காம் படி: ஒரே உயிரினம், இரண்டு சட்டங்கள்

கடல் அட்டை இங்கே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் கடத்துவதும் பெருங்குற்றம். அக்கரையில் உரிமம் பெற்று அதைப் பிடிக்கலாம், பதப்படுத்தலாம், ஏற்றுமதி செய்யலாம். கடலடியில் ஊர்கிற அட்டைக்குக் கோடு தெரியாது. வேதாளையிலோ மரைக்காயர்பட்டினத்திலோ அவித்துக் காயவைத்த அட்டை, கோட்டைத் தாண்டிவிட்டால் சட்டப்படியான சரக்கோடு கலந்துவிட முடியும் என்பதால்தான் இந்தக் கடத்தல் ஓயவில்லை.

புதியவர்கள் இதை வெறும் பாடமாகப் படிக்காமல் கூட்டுப் பயிற்சியில் எழுப்ப வேண்டிய கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை அதிகாரி ஒருவருடன் ஒரே வகுப்பில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால், "உங்கள் உரிமத் தாள் எப்படி இருக்கும்? எந்த இனத்துக்குத் தருகிறீர்கள்? எந்த மாதங்களில்?" என்று கேளுங்கள். அவர் நம்மிடம் பீடி இலையைப் பற்றியும் மஞ்சளைப் பற்றியும் கேட்பார். நம் ஊர்க் கடையில் மூட்டையாக விற்கிற பொருள் அங்கே போனால் கடத்தல். 2020-இல் அந்த நாடு மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது இந்தக் கரையில் ஒரே இரவில் மஞ்சள் மூட்டை கடத்தல் பொருளாகிவிட்டது. அந்த வாரம் நிலையத்தில் பலருக்கு எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது என்றே புரியவில்லை.

மீன்பிடியிலும் இதே கதைதான். இங்கே உரிமத்தோடு ஓடும் விசைப்படகின் இழுவை மடியை (கடலடியை வாரும் வலையை) அந்த நாடு 2017-இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. வெளிநாட்டுப் படகுகளுக்கான அவர்களின் 1979 சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு அபராதம் பல மடங்கானது. நம் மீனவர் அங்கே பிடிபட்டால் அந்த வீட்டுப் பெண்கள் முதலில் ஓடிவருவது உங்கள் நிலையத்துக்கும் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும்தான். அவர்களைத் திண்ணையில் காக்கவைக்காதீர்கள். படகின் முழுப் பதிவு எண், டோக்கன் எண், ஆட்களின் பெயர், வயது, புறப்பட்ட நேரம் ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்தத் தாள் அங்கே எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு சீக்கிரம் ஒருவர் போய்ச் சிறையில் அவர்களைப் பார்க்க முடியும். தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு தரும் உரிமை அது. அவர்களின் மீனவர் நம்மிடம் பிடிபட்டால் அதே உரிமை அவருக்கும் உண்டு. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது. கைது செய்தவுடன் அந்த உரிமையை அவருக்குத் தமிழில் சொல்லுங்கள், சொன்னதைப் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு மொழி, இரண்டு தமிழ்

கடலில் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசை எல்லா நாட்டுக் கப்பல்களும் காதுகொடுக்கும் இடம். அங்கே ஆங்கிலம்தான். அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற நிலையான கடல் தொடர்பு வாசகங்கள் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் ஐம்பது வாசகம் தெரிந்தால் இந்தக் கடலில் வேலை நடக்கும். எண்களை முழுச் சொல்லாகச் சொல்லாமல் இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் ஆங்கிலத்தில் ஒலி மிக நெருக்கம். காற்றில் கடைசி எழுத்து காணாமல் போகும். 'ஒன்–ஃபைவ்' என்றால் குழப்பமில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற ஊர்க்காவல் படை இளைஞர்கள் இதை ஒரு மாதத்தில் பிழையின்றிப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

தாள்கள் மட்டும் வேறு வகை. வடக்கு மாகாண நீதிமன்றங்களிலிருந்து வரும் பல தாள்கள் தமிழில் இருக்கும், ஆனால் நம் காவல் நிலையத் தமிழில் இருக்காது. நம் ரிமாண்ட் அவர்களுக்கு விளக்கமறியல். நம் குற்றவியல் நடுவர் அங்கே நீதவான். நம் மீன்வளத்துறை அங்கே கடற்றொழில் திணைக்களம். ஆள் ஜாமீனை அவர்கள் சரீரப் பிணை என்பார்கள். வல்லம் அவர்கள் எழுத்தில் வள்ளம். 'விளக்கமறியல் நீடிப்பு' என்ற தலைப்பைப் பார்த்து, ஏதோ விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு குடும்பத்திடம் சொல்லி அனுப்பிய அலுவலர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வீட்டார் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு, பிறகு உண்மை தெரிந்து நொறுங்கிப்போனார்கள். ஒரு சிறு சொற்பட்டியலை நிலையத்தில் மாட்டி வையுங்கள்.

இன்னொரு மொழியும் உண்டு. வல்லத்தில் ஏறும்போது, அவசரம் இல்லையென்றால், காலணியோடு வலையை மிதிக்காதீர்கள். படகை நடத்தும் வயதான தண்டலை 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டுச் சோதனையைத் தொடங்குங்கள். எந்தப் பயிற்சி நிலையத்திலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். சந்தேகப் படகைப் பற்றி 1093-க்கு முதலில் அழைப்பவர் அந்த அண்ணன்தான்.

ஆறாம் படி: பயிற்சிக்குப் போகும் வழி

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம்.

உள்நாட்டில் தொடங்குங்கள். கடலோரக் காவல் நிலையத்தாருக்கென்றே குஜராத்தின் ஓகாவில் 2018-இல் தேசிய கடலோரக் காவல் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே அனுப்பும் பட்டியலில் இடம் பெறக் கேளுங்கள். கடலோரப் பாதுகாப்பைச் சோதிக்கும் சாகர் கவச் ஒத்திகையை விடுமுறை எடுத்துத் தவிர்க்காதீர்கள். ஊடுருவும் அணியாக நடிக்கும் வாய்ப்பு வந்தால் ஓடிப்போய் வாங்குங்கள். நம் காவல் எங்கே ஓட்டை என்று ஒரே இரவில் தெரிந்துவிடும்.

அடுத்தது அண்டை நாடுகளுடனான கூட்டுப் பயிற்சி. 'தோஸ்தி' 1991-இல் இந்தியாவும் மாலத்தீவும் தொடங்கியது. 2012-இல் இலங்கை சேர்ந்தது. தேடுதல், மீட்பு, தீயணைப்பு, கப்பலில் ஏறிச் சோதித்தல் ஆகியவற்றை மூன்று நாட்டுக் கடலோரக் காவல்படைகளும் சேர்ந்து செய்கின்றன. இதில் போவது பெரும்பாலும் கடலோரக் காவல்படையினர். மாநிலக் காவலருக்கு வாய்ப்பு குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோட்டருகே அன்றாடம் நிற்பவருக்கு அந்தப் பயிற்சி தேவை.

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2009-இல் கடற்கொள்ளைக்கு எதிராகத் தொடங்கிய திட்டம், இன்று கடல்சார் குற்றங்கள் அனைத்துக்குமான திட்டமாக வளர்ந்துள்ளது. திருகோணமலையில் இலங்கைக் கடற்படையோடு சேர்ந்து, கப்பலில் ஏறிச் சோதித்துப் பறிமுதல் செய்யும் பயிற்சியை அது நடத்துகிறது. ஏணியில் ஏறுவது, சரக்கறையைத் தேடுவது, சான்றைப் பையிலிட்டு முத்திரையிடுவது என்று எல்லாம் கையால் செய்து பழகும் பாடம். நீண்ட விரிவுரைகளை விட இப்படிப்பட்ட இரண்டு வாரங்கள் மேல் என்பேன். அந்த அலுவலகத்தின் இணையவழிப் பாடங்கள் இலவசம். இரவுப் பணி இல்லாத நாளில் உட்கார்ந்து முடிக்கலாம்.

தகவல் பரிமாற்றத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டு இடங்களை அறிந்திருங்கள். ஆசியக் கடற்கொள்ளைத் தடுப்பு உடன்படிக்கை 2006-இல் நடைமுறைக்கு வந்து சிங்கப்பூரில் ஒரு மையத்தை அமைத்தது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர்கள். குருகிராமில் 2018 டிசம்பரில் நம் கடற்படை தொடங்கிய இந்தியப் பெருங்கடல் தகவல் மையத்தில் பல நாடுகளின் தொடர்பு அதிகாரிகள் அருகருகே மேசை போட்டு வேலை செய்கிறார்கள்.

நீண்ட படிப்பு வேண்டுவோருக்கு மூன்று கதவுகள். சுவீடனின் மால்மோவில் 1983 முதல் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம். மால்டாவில் 1988-இல் தொடங்கிய பன்னாட்டுக் கடல்சார் சட்டக் கல்வி நிறுவனம். இதற்குச் சட்டப் பட்டம் இருந்தால் நல்லது. ஜப்பானில் ஆசியக் கடலோரக் காவல் அதிகாரிகளுக்காக 2015-இல் தொடங்கிய ஓராண்டு முதுநிலைப் படிப்பு. இவற்றுக்குத் துறை பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைப் பட்டியல் தயாராகும்போது உங்கள் பணிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் பார்க்கப்படும். ஒழுங்காக எழுதிய மகஜர்கள் அங்கேதான் உங்களுக்காகப் பேசும். எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. 1964-இல் இந்தியா தொடங்கிய தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் போன்ற வழிகளில் நட்பு நாடுகளின் அதிகாரிகள் நம் நாட்டுக்கு வந்து பயில்கிறார்கள். அவர்கள் வரும் வகுப்பில் உங்களுக்கும் இடம் கிடைத்தால், தேநீர் இடைவேளையில் நம் ஆட்களோடு மட்டும் நின்றுவிடாதீர்கள்.

இந்தப் பழக்கம் எங்கே உதவுகிறது என்று கேட்டால் 2020 செப்டம்பரைச் சொல்வேன். இலங்கையின் கிழக்குக் கடலில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. உள்ளே இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் கச்சா எண்ணெய். நம் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் இலங்கைக் கடற்படையும் பல நாள் சேர்ந்து நின்று அணைத்தன. அந்த எண்ணெய் கடலில் இறங்கியிருந்தால் எத்தனை கரைகளின் மீன்வளம் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. இந்தியாவின் நிதியுதவியோடு கொழும்பில் அமைந்த கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024-இல் செயல்பாட்டுக்கு வந்திருக்கிறது. இன்ஜின் பழுதாகி மிதக்கும் மீனவருக்கு இது நேரடி உதவி.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு: கடலோரக் காவல்படையில் நாவிக் (மாலுமி) பொதுப்பணிக்குக் கணிதம், இயற்பியலுடன் பன்னிரண்டாம் வகுப்பு, சமையல், பரிமாறல் போன்ற வேலைகளுக்கான 'டொமெஸ்டிக்' கிளைக்குப் பத்தாம் வகுப்பு, வயது 18 முதல் 22. அறிவிப்பு வரும்போது தளர்வுகளைச் சரிபாருங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களுக்கு நடத்தும் ஆயத்தப் பயிற்சி பற்றி அருகிலுள்ள நிலையத்தில் விசாரியுங்கள். நீரோட்டமும் காற்றும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்பது அது.

ஏழாம் படி: மணல்திட்டில் நிற்பவர்கள்

தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பால் கடலில் மணல்திட்டுகள் வரிசையாக இருக்கின்றன. முதல் சில நம்முடையவை. 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, மார்ச் மாதம் முதல் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் படகேறி வந்தார்கள். படகோட்டிகள் இருட்டில் அவர்களைத் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆழமில்லாத இடம் என்பதால் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் போய் அழைத்துவரும். பிறகு மண்டபம் அகதிகள் முகாம்.

இந்தச் சூழலுக்கும் உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமையைக் கடல் சட்ட உடன்படிக்கையின் 98-ஆம் பிரிவு பேசுகிறது. ஏற்றிவந்து பணம் பறித்தவரும் ஏறிவந்து திட்டில் நிற்பவரும் ஒன்றல்ல. விசாரணையில் இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஒரு விடியலில் திட்டில் நின்ற பெண் ஒருவர், பாலித்தீன் பையில் சுற்றிய பள்ளிக்கூடக் கொப்பிகளை மார்போடு அணைத்திருந்தார். உடை முழுக்க ஈரம், கொப்பிகள் மட்டும் நனையவில்லை. "இது இந்தியாதானே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றோம்.

அங்கே போகும்போது பெண் காவலர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் என்று கணக்கிடாமல் கூடுதலாகத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். இரவு முழுக்க உப்புக்காற்றில் நின்றவர்கள். முதலில் எண்ணுங்கள், பிறகு குழந்தைகளைத் தனியாக எண்ணுங்கள். தண்ணீர் குடித்த பிறகு கேள்வி. அடையாள அட்டை இருந்தால் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். அவர்கள் தந்தை பெயரை முன்னால் வைத்து எழுதுவார்கள், நம் படிவம் தலைகீழாகக் கேட்கும். முகாம் பதிவேட்டில் பெயர் மாறிப்போனால் பிறகு வரும் ஒவ்வொரு தாளிலும் அதே தவறு தொடரும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரையும் அவர்களிடமே உரக்க வாசித்துக் காட்டுங்கள். சரி என்று அவர்கள் தலையசைத்த பிறகு புறப்படுங்கள்.